வதனி தொட்டால் நின்றுபோன கணினி

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம், நான் முன்பு வேலை செய்த கணினிப் பராமரிப்புப் பிரிவில் இருந்து இரண்டு பேர் இணுவிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்காக ஒரு கைநூல் தயாரிக்கிறார்களாம். அதில் ‘மேசைக்கணினி தானாக நின்றுபோதல்’ என்ற பகுதியை நான் எழுதித் தர வேண்டுமாம். அனுபவசாலி என்று மரியாதையாகக் கேட்டார்கள். என் மனைவி தேத்தண்ணீரை வைத்துவிட்டு, மூலையில் ஆறு மாதமாகப் பழுதாகித் துணி மூடிக் கிடக்கும் எங்கள் வீட்டுக் கணினியை ஒருதரம் பார்த்தார். அவர்களும் பார்த்தார்கள்.

கைநூலுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். தூசு, சூடு, மின்சாரம், நினைவகம், மதர்போட் என்று ஒழுங்குமுறைப்படி எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நான் அந்தத் தொழிலை உண்மையில் எப்படிக் கற்றேன் என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. அது கைநூலில் சேர்க்கக்கூடிய கதையுமல்ல. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் வானொலி திருத்துகிறவன். போரால் மின்சாரமே இல்லாத வருடங்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி, அதில் செய்தி கேட்ட காலத்தில் கொக்குவிலில் ஒரு சின்னக் கடையில் இருந்தேன். சண்டை ஓய்ந்து, தெற்கிலிருந்து வரும் பாதை திறந்து கணினிகள் வரத் தொடங்கியதும் ஆறு மாதப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். வகுப்பில் எனக்குத்தான் வயது கூட. சான்றிதழில் என் பெயரும் பிழை. அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு, அரச அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிக்கும் பிரிவில் தொழில்நுட்பவியலாளனாகச் சேர்ந்தேன்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எனக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. அதற்குக் காரணம் என் மூளையல்ல, வலிகாமத்தின் செம்மண். எங்கள் பக்கத்துத் தூசு கணினிக்குள் போய், சூட்டை வெளியேற்றும் விசிறியிலும் தகட்டிலும் அப்பிக்கொள்ளும். உள்ளே சூடு ஏறினால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக நின்றுவிடும். நான் காற்றடிக்கும் கருவியைக் கொண்டுபோவேன், முற்றத்தில் வைத்து ஊதுவேன். சிவப்பாக ஒரு புகை எழும்பும். அலுவலகமே வாசலில் நின்று பார்க்கும். திரும்பக் கொண்டுவந்து பூட்டினால் கணினி நாள் முழுக்க ஓடும். வித்தை காட்டியவனுக்குக் கிடைக்கும் மரியாதை எனக்குக் கிடைத்தது. அதன் பிறகு எந்தக் கணினி நின்றாலும் நான் ஊதினேன். தேவை இருந்ததோ இல்லையோ, ஊதினேன்.

இந்த நிலையில்தான் எங்கள் பிரிவுக்குப் பொறியியலாளராகக் கிரேஸ் மிஸ் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போடுவார். துடைக்கும் நேரம் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம்.

அவர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். முதலாவது, கணினி நின்றுபோகிறது என்று முறைப்பாடு வந்தால் திருகாணியில் கை வைக்கக் கூடாது. கணினியைப் பாவிக்கிறவர் தன் கதிரையில் இருந்து வழமையாகச் செய்யும் வேலையைச் செய்ய, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அது நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் கழற்றலாம். இரண்டாவது, அறிக்கைத் தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுக்க வேண்டும். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது. வலப்பக்கம் நீண்டிருந்தால் தாள் திரும்பி வரும், மூலையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியுடன்.

எனக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. இருபது வருடம் வானொலியின் வயிற்றுக்குள் கை விட்டவனுக்கு, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கச் சொல்லும் ஒரு பொறியியலாளர். ஆனால் அவர் வந்த மூன்றாவது வாரமே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஒரு கணினியைத் துப்புரவாக ஊதிப் பூட்டினேன். பூட்டிய பிறகு முன்னரைவிட மோசமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் நின்றது. ஒரு பகல் முழுக்க முயன்று, மதர்போட் பழுது, புதிது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கிரேஸ் மிஸ் வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஓட விட்டு, குனிந்து பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். விசிறி சுற்றவில்லை. ஊதுவதற்காக நான் கழற்றிய அதன் வயர், திரும்பச் செருகப்படாமல் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதை என் கையாலேயே செருகச் செய்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஏச்சு விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவ்வளவு நடந்த பிறகாவது ஒருவன் திருந்தியிருக்க வேண்டும். நான் திருந்தவில்லை. அதற்கு விலை கொடுத்தது நான் அல்ல, வதனி.

பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒரு கிளை அலுவலகம். விவசாயிகளுக்கான உதவித் திட்டங்களின் பெயர்ப்பட்டியல்களை அங்கேதான் கணினியில் ஏற்றுவார்கள். அந்த வேலைக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்தவர் வதனி. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். உயரம் குறைவு, பேச்சும் குறைவு. தட்டெழுத்து முறையாகப் படித்து, பத்து விரலாலும் அடிப்பார். அந்த அலுவலகத்தில் மற்ற எல்லோரும் இரண்டு விரல்காரர்கள். அவர் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தார். வேலை நிரந்தரமாவது மேலதிகாரிகளின் அறிக்கையில் தங்கியிருந்தது.

வதனிக்குக் கொடுத்த கணினி நின்றுகொண்டே இருந்தது. நாற்பது, ஐம்பது பெயர் அடித்திருப்பார், திரை கறுத்துவிடும். சேமிக்காததெல்லாம் போய்விடும். திரும்ப அடிக்க வேண்டும். பட்டியல் பிந்தியது, விவசாயிகளான தோட்டக்காரர்கள் வந்து கிளைப் பொறுப்பதிகாரியை ஏசினார்கள். அதிகாரி எங்களுக்கு அறிவித்தார். நான் காற்றடிக்கும் கருவியுடன் போனேன்.

முதல் தடவை ஊதினேன். இரண்டு நாளில் திரும்பவும் நின்றதாகத் தகவல் வந்தது. இரண்டாம் தடவை நினைவகத்தையும் பவர் சப்ளையையும் மாற்றினேன். அதற்குப் பிறகும் நின்றது. வேடிக்கை என்னவென்றால், மற்றவர்கள் அதே கணினியில் இருந்து மணிக்கணக்காக வேலை செய்தார்கள், அது நிற்கவில்லை. வதனி இருந்தால்தான் நின்றது. ஒருவர் பகிடியாக அவரைக் ‘கரண்ட் கட்’ என்று கூப்பிட்டார். ஒரு கிழமையில் அதுவே அவருடைய பெயராகிவிட்டது. நானும் அந்தப் பகிடிக்குச் சிரித்தேன். நான் சிரித்ததை வதனி பார்த்தார்.

மூன்றாம் தடவை பெட்டியை ஓட்டோவில் ஏற்றி எங்கள் பிரிவுக்கே கொண்டுவந்தேன். என் மேசையில், என் வயரில், மூன்று நாள் இரவு பகலாக ஓட விட்டேன். கல்லுப்போல ஓடியது. கணினி தனக்குள்ளே ஒரு குறிப்பேடு வைத்திருக்கும். அதைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ‘ஒழுங்காக மூடப்படாமல் நின்றது’ என்று எழுதியிருந்தது. மின்சாரம் அறுந்தாலும் அது அப்படித்தான் எழுதும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு, யாரோ சுவிச்சை அமத்துகிறார்கள் என்று அதை வாசித்தேன். திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டி, நானே கதிரையில் இருந்து ஒரு மணித்தியாலம் எதையெதையோ தட்டினேன். அலுவலகத்தார் வாங்கித் தந்த வடை முடியும்வரை கணினி நிற்கவில்லை.

வதனி என்னிடம் ஏதோ சொல்ல வந்தது நினைவிருக்கிறது. தான் அடிக்கும்போது நின்று பார்க்கச் சொல்லிக் கேட்டார். எனக்கு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை பார்ப்போம் என்றேன்.

அறிக்கை எழுதினேன். இடப்பக்கம்: ‘மூன்று நாள் தொடர்ந்து ஓடியது, நிற்கவில்லை.’ வலப்பக்கம்: ‘பாவனையாளரின் கவனக்குறைவான கையாளுகையே காரணம்.’ கோடெல்லாம் நேராகத்தான் இழுத்திருந்தேன். அந்த வாரம் கிரேஸ் மிஸ்ஸின் தாயார் ஆஸ்பத்திரியில். அவர் ஒரு கட்டுத் தாள்களுக்கு அவசரமாக ஒப்பமிட்டார். அதில் என்னுடையதும் ஒன்று.

கிளைப் பொறுப்பதிகாரி இடப்பக்கத்தை விட்டுவிட்டு வலப்பக்கத்தை மட்டும் தன் கடிதத்தில் எடுத்து எழுதினார். வதனியைக் கணினியில் இருந்து எடுத்து, பின்னால் இருந்த கோப்பறையில் பழைய பதிவுகளை அடுக்க விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கணினி நான்கு மாதம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. என் கணிப்பு சரியென்று போகிற இடமெல்லாம் சொன்னேன்.

நான்கு மாதம் கழிந்து, வதனியின் தகுதிகாண் காலத்தை முடிவுசெய்வதற்கான கோப்பு வந்தது. வேலையை நிறுத்துவதா, இன்னொரு வருடம் நீடிப்பதா என்பது கேள்வி. தொழில்நுட்ப அறிக்கையை உறுதிப்படுத்தச் சொல்லிக் கிரேஸ் மிஸ்ஸுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். என் அறிக்கை மேசையில் கிடந்தது.

“சபா அண்ணை, அந்தப் பிள்ளை கதிரையிலை இருக்கேக்கை கொம்பியூட்டர் நிண்டதை நீங்கள் கண்டனீங்களோ?”

“இல்லை மிஸ்.”

“அப்ப ஆர் கண்டது?”

“எல்லாரும் சொல்லிச்சினம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கு அவர் துடைத்த நேரத்தில் ஒருவர் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்து முடித்திருக்கலாம். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

வாகனத்தில் அவர் என் அறிக்கையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு வந்தார். நான்தான் பவர் சப்ளை பற்றியும் மின்னழுத்தம் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தேன். சண்டிலிப்பாய் தாண்டும்போது என் குரல் எனக்கே அலுத்துவிட்டது.

கிளையில், வதனியைக் கோப்பறையில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். சேலைத் தலைப்பெல்லாம் பழைய தாள்களின் தூசு. வழமைபோல இருந்து அடிக்கும்படி கிரேஸ் மிஸ் கேட்டார். வதனி கதிரைக்குக் கிட்டப் போகவில்லை.

“நான் தொட்டால் நிண்டிடும் மிஸ். பிறகு எல்லாரும் என்னைத்தான் பாப்பினம்.”

“நிக்கட்டும் பிள்ளை. அது நிக்கிறதைப் பாக்கத்தான் வந்தனாங்கள்.”

வதனி இருந்தார். விசைப்பலகை மேசைக்கு மேலே கிடந்தது. இரண்டு விரல்காரர்கள் எல்லோரும் அதை அங்கே வைத்துத்தான் தட்டுவார்கள். நானும் அப்படித்தான் தட்டினேன், அதற்கு என் வயிறு காரணம். மேசையின் கீழே விசைப்பலகைக்கென்று ஒரு இழுதட்டு இருந்தது. அதை இழுத்தால் எனக்கும் மேசைக்கும் இடையில் இடம் போதாது. வதனி விசைப்பலகையை எடுத்து அந்தத் தட்டில் வைத்தார். உயரம் குறைந்தவர், முறையாகப் படித்தவர். கை மடியின் மட்டத்தில் இருந்தால்தான் பத்து விரலும் ஓடும். தட்டை முழுதாக வெளியே இழுத்தார். அடிக்கத் தொடங்கினார். மழை பெய்வதுபோல ஒரு சத்தம். நாங்கள் எல்லோரும் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம் இருக்கும். தட்டு மெல்ல ஆடியது, திரை கறுத்தது.

வதனி இரண்டு கையையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். யாரோ பின்னால் மெதுவாகச் சிரித்தார்கள். நான் கிரேஸ் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன், அவரைக் காணவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு மேசைக்குக் கீழே குந்தியிருந்தார். நாங்கள் விரல்களைப் பார்த்த நேரமெல்லாம் அவர் வயர்களைப் பார்த்திருக்கிறார்.

“சபா அண்ணை, இஞ்சை குனிஞ்சு பாருங்கோ. உந்த முடிச்சு ஆர் போட்டது?”

குனிந்தேன். வயர்கள் தாறுமாறாகக் கிடப்பது எனக்குப் பிடிக்காது. எங்கே போனாலும் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, நைலோன் நூலால் இறுக்கி, அழகாக முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் வருவேன். அந்தக் கணினியை முதன்முதலில் அங்கே பூட்டியவனும் நான்தான். அந்த மேசையின் பின்னால் விசைப்பலகையின் வயரும், கணினிக்கு மின்சாரம் போகும் வயரும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. விசைப்பலகை மேலே இருந்தால் வயர் தளர்ந்து கிடக்கும். தட்டை முழுதாக இழுத்தால் அது இழுபடும்; அதோடு கட்டிய மின்வயரும் சேர்ந்து இழுபடும். அதன் முனை ஏற்கெனவே கொஞ்சம் லூசு. விழாது, செருகினமாதிரியேதான் தெரியும். ஆனால் தட்டு ஆடும்போது ஒரு கணம் தொடர்பு விட்டுப்போகும். கணினிக்கு ஒரு கணம் போதும்.

நான் மூன்று தடவை அந்தக் கட்டை வெட்டியிருக்கிறேன். மூன்று தடவையும் திரும்பக் கட்டியிருக்கிறேன், முந்தியதைவிட இறுக்கமாக. கணினியின் உள்ளே இருந்த அரைவாசிப் பொருளை மாற்றினேன். மாற்றாதது அந்த வயரும் என் முடிச்சும்தான்.

“நான்தான் மிஸ்” என்றேன். மேசைக்குக் கீழே இருந்தபடி சொன்னதால் என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

நூலை வெட்டி, புது வயர் போட்டோம். வதனி தட்டை இழுத்து ஒன்றரை மணித்தியாலம் அடித்தார். கணினி நிற்கவில்லை.

பிரிவுக்குத் திரும்பியதும் முதல் அறிக்கையை மீளப்பெறும் கடிதத்தை எழுதச் சொன்னார் கிரேஸ் மிஸ். ‘இணைப்பு வயரில் ஏற்பட்ட தளர்வு காரணமாக’ என்று எழுதினேன். கேள்விக்குறியுடன் திரும்பி வந்தது. ‘வயர்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தமையால்’ என்று மாற்றினேன். கட்டப்பட்டிருந்தமை, தானாகவே கட்டுப்பட்டதுபோல. அதற்கும் கேள்விக்குறி. மூன்றாவது தடவை ‘நான் கட்டினேன். பாவனையாளர் கேட்டும் நின்று பார்க்காமல், அவர்மேல் குற்றம் எழுதினேன்’ என்று எழுதினேன். அதை வாசித்துவிட்டு, என் ஒப்பத்தின் கீழே அவர் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: ‘இவ்வறிக்கையை வாசிக்காமல் ஒப்பமிட்டவர் நான்.’ வேண்டாம் மிஸ், நீங்கள் ஏன் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, பிரதியை நானே கொண்டுபோய் வதனியின் கையில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கிரேஸ் மிஸ்ஸிடமும் மேலே விளக்கம் கேட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். அவர் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. வதனியின் வேலை அடுத்த மாதமே நிரந்தரமானது.

ஆனால் அதற்கு முன் நான் அந்தப் பிரதியைக் கொண்டுபோன நாளைச் சொல்ல வேண்டும். அன்று உதவி வழங்கும் நாள். தோட்டக்காரர்கள் நீள மரவாங்கில் வரிசையாக இருந்தார்கள். வதனி பழையபடி கணினிக்கு முன்னால் இருந்தார். கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே மன்னிப்பும் கேட்டேன், மற்றவர்களின் காதில் விழாத அளவில். அவர் கடிதத்தை முழுதாக, நிதானமாக வாசித்தார். பிறகு திரும்ப என்னிடமே நீட்டினார்.

“இதை உரத்து வாசிப்பியளோ அண்ணை? ‘கரண்ட் கட்’ எண்டு எல்லாரும் உரத்துத்தான் கூப்பிட்டவை.”

வாசித்தேன். இரண்டு விரல்காரர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள். பொறுப்பதிகாரி தன் அறை வாசலுக்கு வந்தார். முன் வாங்கில் இருந்த ஒரு முதியவர், காதில் கை வைத்துக் கேட்டவர், நான் முடித்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ விசாரித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப எங்கடை லிஸ்ட் பிந்தினதுக்கு அந்தப் பிள்ளை காரணமில்லை, நீர்தானோ?”

“ஓம் ஐயா, நான்தான்.”

அவர் தலையாட்டினார். விஷயம் தெளிவானால் போதும் என்பதுபோல இருந்தது.

வதனி மெதுவாகத்தான் கதைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

“தங்கச்சியின்ரை கலியாண வீட்டிலை என்னைச் சுவிச்சுப் பக்கம் போக விடேல்லை அண்ணை. பகிடிக்குத்தான் சொன்னவை, நானும் சிரிச்சனான். ஆனா பிறகு வீட்டிலை நான் ஒரு சுவிச்சும் தொடுறேல்லை. அம்மாதான் லைட் போடுறவ. படிச்சனான் எண்டு பேர்; எனக்கே பயம் வந்திட்டுது.”

வயரை மாற்றினேன், கடிதத்தையும் மாற்றினேன். இதை மாற்ற என் பெட்டியில் ஒரு கருவியும் இருக்கவில்லை.

அவர் கதிரையை விட்டு எழும்பினார். நல்ல வெக்கை. சுவர்ப் பக்கம் போய், ஒரு கணம் நின்று, மின்விசிறியின் சுவிச்சைப் போட்டார். அது சுற்றத் தொடங்கியது. முழு வேகத்தில் வைத்துவிட்டு வந்து இருந்து, வரிசையில் முதலாவது ஆளைக் கூப்பிட்டார். மேசையில் நான் வைத்த கடிதம் காற்றில் எழும்பி, முன் வாங்கைத் தாண்டிப் பறந்தது. அதைப் பிடிக்கத் தோட்டக்காரர்களின் கால்களுக்கு இடையில் நான்தான் தவழ்ந்து போனேன்.